பேரனிடம் மட்டும் இந்தி பேசும் பாட்டி: பஞ்சாபித் தாய்மொழியைக் காப்பது பற்றி

பஞ்சாப் மாநிலத்தின் மொஹாலியில் வசிக்கும் ஒரு தமிழ்ப் பெண்ணின் கேள்வி இது. கணவர் பஞ்சாபிக்காரர். மகளுக்கு ஐந்து வயது. பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும்தான் புழங்குகின்றன. மாமியார்கூடப் பேத்தியிடம் இந்தியில்தான் பேசுகிறார். 'இத்தனை கோடிப் பேர் பேசும் மொழி, உலகமெல்லாம் பாட்டாக ஒலிக்கும் மொழி. அதைக் காக்க வேண்டும் என்று ஏன் இவ்வளவு குரல்? பஞ்சாபியைக் கட்டாயப் பாடமாக வைப்பது குழந்தைக்குச் சுமை இல்லையா?' என்று கேட்கிறார்.

உங்கள் கேள்விக்கான பதில் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. 'மாமியார்கூட' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு சொல்லில்.

நான் பட்டியாலாவில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தேன். பஞ்சாபியை அங்கேதான் கற்றுக்கொண்டேன். அடுத்த வீட்டில் எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டி இருந்தார். எல்லோரும் அவரை 'பீஜி' என்பார்கள். நானும் அப்படியே அழைத்தேன். குளிர்காலத்தில் வெயில் விழும் இடமாகப் பார்த்துக் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொள்வார். அதற்குப் பஞ்சாபியில் மஞ்சா என்று பெயர்; நம் மஞ்சத்துக்கு உறவு. அதில் உட்கார்ந்து மடி நிறையப் பச்சைப் பட்டாணி உரிப்பார். காய்கறி வண்டிக்காரரோடு பேரம், மருமகளோடு வம்பு, தெருநாய்க்கு அதட்டல் எல்லாம் பஞ்சாபியில்தான் நடக்கும். மதியம் பள்ளி வேன் வந்து நிற்கும். பேரன் இறங்குவான். அந்த நொடியில் பீஜியின் குரல் மாறும். 'பேட்டா, கானா கா லோ' என்பார். பிள்ளே, சாப்பிடு என்று பொருள். அவர் வாயில் அந்த இந்தி இரவல் வாங்கிய செருப்பைப் போல ஒட்டாமல் தடுக்கும். அவருடைய சொந்தப் பேச்சில் அது 'புத்த், ரோட்டீ கா லை' என்று வந்திருக்க வேண்டும். சோறு தின்றாயா என்று நாம் கேட்பதைப் போலப் பஞ்சாபியில் சாப்பாட்டுக்கே ரொட்டி என்றுதான் பெயர்.

ஒரு நாள் காரணம் கேட்டேன். பையனின் பள்ளியில் பெற்றோரை அழைத்து, வீட்டில் பஞ்சாபி பேசினால் பிள்ளையின் பேச்சு கெட்டுவிடும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்களாம். 'என் பேச்சு கெட்ட பேச்சாம்' என்று சொல்லிவிட்டு அவர் பட்டாணியைப் பார்த்துக்கொண்டே உரித்தார். ஒரு மொழி எங்கே தேயத் தொடங்குகிறது என்பதை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் அவ்வளவு தெளிவாகப் படித்ததில்லை.

எண்ணிக்கையை முதலில் பார்த்துவிடுவோம். 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பஞ்சாபியைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் சுமார் 3.31 கோடி. பாகிஸ்தானின் 2023 கணக்கெடுப்பில் சுமார் 8.9 கோடி. இரண்டையும் கூட்டினால் 12 கோடிக்கு மேல். இந்தியாவில் தமிழர் தொகை 2011இல் 6.9 கோடி என்பதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய மொழி என்று புரியும். ஆகவே பஞ்சாபி நாளையே அழிந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் மொழியின் உடல்நிலையை இரண்டு கேள்விகள்தான் காட்டும். அடுத்த தலைமுறையின் கைக்கு அது போகிறதா? அதைக்கொண்டு என்னென்ன வேலை நடக்கிறது? பஞ்சாபிக்கு இரண்டிலும் காயம் இருக்கிறது. பாட்டு, நகைச்சுவை, திருமணம், வசவு ஆகியவற்றுக்குப் பஞ்சாபி. பாடம், வேலை, வழக்கு, அறிவியல் ஆகியவற்றுக்கு வேறொரு மொழி என்ற பிரிவினை வந்துவிட்டது. உலகமெங்கும் ஒலிக்கும் அந்தப் பாட்டுகளை நானும் ரசிக்கிறேன். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை காதல், கார், துப்பாக்கி என்ற சிறு வட்டத்துக்குள் சுற்றி வருகின்றன. அந்தச் சில நூறு சொற்களை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை ஒளிச்சேர்க்கையைப் பற்றியோ வட்டிக் கணக்கைப் பற்றியோ யோசிக்க முடியாது. பாட்டில் மட்டும் வாழும் மொழி விழா நாளில் மட்டும் பெட்டியிலிருந்து எடுக்கும் பட்டுப்புடவை ஆகிவிடும்.

இந்தக் கூச்சம் இன்று வந்ததில்லை. பஞ்சாபி தன் சொந்த நாட்டிலேயே அரசு மொழியாக இருந்த காலம் மிகக் குறைவு. மகாராஜா ரஞ்சித் சிங்கின் லாகூர் அரசவையில்கூட அலுவல் மொழி பாரசீகம். 1849இல் பிரிட்டிஷார் பஞ்சாபைப் பிடித்த பிறகு பாரசீகத்தின் இடத்தில் உருதுவை வைத்தார்கள். ஆள்பவர் மாறியும் மக்கள் மொழிக்கு நாற்காலி கிடைக்கவில்லை. லாகூர் அரசுக் கல்லூரியின் முதல் முதல்வராக இருந்த லைட்னர், பிரிட்டிஷ் ஆட்சியோடு இணைத்த பின் பஞ்சாபின் நாட்டுப் பள்ளிகள் எப்படி நலிந்தன என்பதை 1882ஐ ஒட்டிய காலத்தில் விரிவாகப் பதிவு செய்தார். மசூதியிலும் குருத்வாராவிலும் பாடசாலையிலும் நடந்த எளிய கல்வி, அரசின் கண்ணில் கல்வியாகவே படவில்லை என்பது அவருடைய ஆதங்கம்.

பிறகு மதம் வந்து மொழியின் மேல் உட்கார்ந்தது. முஸ்லிம்களுக்கு உருது, இந்துக்களுக்கு இந்தி, சீக்கியர்களுக்குப் பஞ்சாபி என்று ஒரே தாலாட்டில் வளர்ந்த மூன்று பிள்ளைகள் மூன்று பெயர் சொல்லத் தொடங்கினார்கள். சுதந்திரத்துக்குப் பின் 1951, 1961 கணக்கெடுப்புகளில், வீட்டில் பஞ்சாபியே பேசிய பல இந்துக் குடும்பங்கள் தாய்மொழி இந்தி என்று பதிந்தன. பஞ்சாபி பேசுவோருக்கு ஒரு மாநிலம் வேண்டும் என்ற கோரிக்கையை, மொழியின் பெயரால் மதம் கேட்கும் மாநிலம் என்று தில்லி சந்தேகித்தது. நீண்ட போராட்டங்களுக்குப் பிறகு 1966 நவம்பர் 1 அன்றுதான் இன்றைய பஞ்சாப் பிறந்தது. 1967 டிசம்பரில் லச்மன் சிங் கில் முதல்வராக இருந்தபோது பஞ்சாபி அந்த மாநிலத்தின் ஆட்சி மொழியானது. அதாவது பஞ்சாபிக்கு அரசு நாற்காலி கிடைத்து அறுபது ஆண்டுகள்கூட முழுமையாக ஆகவில்லை. நீங்கள் இருக்கும் மொஹாலியை ஒட்டியுள்ள சண்டீகர், பஞ்சாபின் தலைநகராக இருந்தும், ஒன்றியப் பகுதி என்பதால் இன்றும் ஆங்கிலத்தைத்தான் ஆட்சி மொழியாக வைத்திருக்கிறது. சாலையைக் கடந்தால் மொழியின் தகுதி மாறிவிடுகிறது.

எல்லைக்கு அப்பால் நிலைமை இன்னும் வருத்தமானது. பாகிஸ்தானில் மிகப் பெரிய மொழிக்கூட்டம் பஞ்சாபிகள். ராணுவத்திலும் அரசிலும் அவர்கள் கையே ஓங்கியிருக்கிறது. ஆனால் அவர்களின் பிள்ளைகள் பெரும்பாலும் பள்ளியில் தாய்மொழி படிப்பதில்லை. சிந்து மாகாணம் சிந்தியைப் பள்ளியில் வைத்திருக்கிறது. பஞ்சாப் மாகாணமோ தன் குழந்தைகளை உருதுவுக்கும் ஆங்கிலத்துக்கும் ஒப்படைத்துவிட்டது. பாகிஸ்தான் மக்கள்தொகையில் பஞ்சாபி பேசுவோரின் பங்கு 1981இல் 48.17 சதவீதம், 1998இல் 44.15, 2017இல் 38.78, 2023இல் 36.98 என்று இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. மற்ற மாகாணங்களில் மக்கள்தொகை வேகமாகப் பெருகியதும் இதற்கு ஒரு காரணம்தான். ஆனால் லாகூரின் நடுத்தர வீடுகளில் அம்மாவும் அப்பாவும் தமக்குள் பஞ்சாபியும் பிள்ளையிடம் உருதுவும் பேசுவது பட்டியாலா பீஜியின் கதையேதான். 2016இல் சாஹிவால் நகரத்துத் தனியார் பள்ளி ஒன்று பெற்றோருக்கு அனுப்பிய சுற்றறிக்கையில், வளாகத்தில் பேசக் கூடாத இழிமொழிகளின் வரிசையில் வசவுகளோடு பஞ்சாபியையும் சேர்த்திருந்தது. பெரும் எதிர்ப்பு எழுந்தது. சூஃபிக் கவிஞர் புல்லே ஷாவின் மொழி வசவுப் பட்டியலில் நிற்பதைப் பார்த்து யாருக்குத்தான் வயிறு எரியாது? மாகாணச் சட்டமன்றத்தில் உறுப்பினர்கள் தங்கள் தாய்மொழியில் தாராளமாகப் பேச விதி திருத்தப்பட்டதே 2024இல்தான்.

'பஞ்சாபி என்பது கொச்சை இந்திதானே?' என்று உங்களிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள். இதற்கு ஒரு தமிழருக்குப் பிடிக்கும் பதில் இருக்கிறது. ஏழு என்பதற்கு இந்தியில் 'சாத்', பஞ்சாபியில் 'சத்த்'. காது இந்தியில் 'கான்', பஞ்சாபியில் 'கன்ன்'. மூக்கு 'நாக்', இங்கே 'நக்க்'. கை 'ஹாத்', இங்கே 'ஹத்த்'. பழைய பிராகிருதத்தில் இருந்த இரட்டை மெய்யை இந்தி தேய்த்துவிட்டு முன்னுள்ள உயிரை நீட்டிக்கொண்டது. பஞ்சாபி அப்படியே வைத்திருக்கிறது. இரட்டித்த மெய்யை வாய் நிறைய ஒலித்துப் பழகிய நமக்கு இது சட்டென்று பிடிபடும். இந்தியாவில் பஞ்சாபியை எழுதும் குர்முகி எழுத்தில் இதற்கென்றே 'அத்தக்' என்று ஒரு குறி உண்டு. மெய்க்கு முன்னால், மேலே பிறை போலப் போடுவார்கள்.

அதைவிட வியப்பு, பஞ்சாபி தொனி மொழி. சீன மொழியில் குரல் ஏறி இறங்குவதைப் பொறுத்துப் பொருள் மாறும் என்கிறோமே, இந்திய ஆரிய மொழிகளில் அப்படி ஒரு பண்பை வளர்த்துக்கொண்ட பெரிய மொழி இது. 'கோடா' என்று சமமாகச் சொன்னால் சாட்டை. குரலைத் தாழ்த்திச் சொன்னால் குதிரை. உயர்த்திச் சொன்னால் தொழுநோயாளி. குர்முகியில் மூன்றையும் வெவ்வேறு விதமாக எழுதுவார்கள். எழுத்தைப் பார்த்தே பிள்ளை தொனியைப் பிடித்துக்கொள்ளும். இந்தி வழியாக மட்டும் படித்த பிள்ளைக்கு இந்த நுட்பம் கிடைக்காது. அதைவிடக் கொடுமை, வீடு என்பதைப் பஞ்சாபிக்காரர் தாழ்ந்த குரலில் 'கர்' என்று சொல்லும்போது, இந்தி உச்சரிப்பு தவறு என்று வகுப்பில் சிரிக்கிறார்கள். அந்தப் பிள்ளை தவறு செய்யவில்லை. அதன் மொழியில் அதுதான் இலக்கணம். இதைச் சொல்லித் தர ஒரு ஆசிரியர் இருந்தால் அந்தச் சிரிப்பு பாடமாக மாறியிருக்கும்.

பள்ளி விஷயத்துக்கு வருகிறேன். தாய்மொழிக் கல்விக்கு ஆதரவாகப் பேசும்போது உணர்ச்சிதான் முன்னால் நிற்கிறது. அதன் கீழே இருக்கும் காரணம் எளிமையானது. ஆறு வயதுப் பிள்ளை பள்ளிக்கு வெறும் கையோடு வருவதில்லை. ஆயிரக்கணக்கான சொற்களோடும் முழு இலக்கணத்தோடும் வருகிறது. அதை வாசலில் கழற்றிப் போடச் சொல்லிவிட்டு, தெரியாத மொழியில் தெரியாத கணக்கைச் சொல்லிக் கொடுத்தால், பிள்ளை ஒரே நேரத்தில் இரண்டு சுவரில் முட்டுகிறது. பிள்ளைக்குக் கற்பிக்கச் சிறந்த மொழி அதன் தாய்மொழியே என்று யுனெஸ்கோ 1953இலேயே எழுதிவிட்டது. 1970இல் நைஜீரியாவின் இஃபே நகரத்தில் தொடங்கிய ஒரு திட்டத்தில், சில பள்ளிகளில் ஆறு ஆண்டுத் தொடக்கக் கல்வி முழுவதையும் யொரூபா மொழியில் நடத்தி, ஆங்கிலத்தை நல்ல ஆசிரியரைக் கொண்டு தனிப் பாடமாகக் கற்பித்தார்கள். அந்தப் பிள்ளைகள் மற்றப் பாடங்களில் மட்டுமின்றி ஆங்கிலத்திலும் முந்தினார்கள். ஆங்கிலம் வேண்டாம் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். கனடா போகும் கனவுள்ள வீடுகள் நிறைந்த பஞ்சாபில், ஒவ்வொரு சிற்றூரிலும் ஆங்கிலத் தேர்வுப் பயிற்சி மையம் இருக்கும் நாட்டில், அப்படிச் சொல்வது மக்களின் வயிற்றைப் புரிந்துகொள்ளாத பேச்சு. ஆனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியின் தோளில் ஏற்றினால் உயரமாக நிற்கும். தாய்மொழியைப் புதைத்த குழியின் மேல் நட்டால் ஆடும்.

பஞ்சாப் அரசு 2008இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. முதல் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை, எந்த வாரியத்தின் பள்ளியாக இருந்தாலும் பஞ்சாபி கட்டாயப் பாடம். மீறும் பள்ளிகளுக்கு அபராதம். 2021 நவம்பரில் அந்த அபராதத்தை இரட்டிப்பாக்கி, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை என்று வைத்தார்கள். உங்கள் மகளின் பள்ளியும் இதற்கு உட்பட்டதுதான். சட்டம் தேவை என்றே நான் நினைக்கிறேன். அது இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்பதை லாகூர் காட்டுகிறது. ஆனால் இந்தச் சட்டம் பஞ்சாபியைப் பாடமாக மட்டுமே வைக்கிறது. வாரத்தில் சில மணி நேரம் பஞ்சாபி. மற்ற நேரமெல்லாம் பஞ்சாபி பேசினால் முறைப்பு. பிள்ளைகள் முட்டாள்கள் அல்லர். பள்ளி எதை மதிக்கிறது என்பதை அவர்கள் பாடத்திட்டத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. ஆசிரியரின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்கள். பெயர்ப்பலகைகளில் பஞ்சாபி மேலே இருக்க வேண்டும் என்று 2023இல் அரசு முனைந்ததை நான் வரவேற்றேன். பலகை கண்ணுக்குப் படுகிறது, நல்லதுதான். அதன் கீழே கடைக்குள் நுழைந்தால் ரசீது எந்த மொழியில் வருகிறது என்பதுதான் என் கவலை.

இதற்கு நேர்மாறான ஒரு காட்சியை லூதியானாவில் பார்த்தேன். அங்குள்ள ஆலைகளில் வேலை செய்யும் பீகார், உத்தரப் பிரதேசத் தொழிலாளர்களின் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள். 'ஊடா–ஊட்' என்று எழுத்துகளை ராகம் போட்டு ஒப்பித்துக்கொண்டிருந்த வகுப்பில், நான் பேசிப் பார்த்த பிள்ளைகளில் பலருடைய வீட்டுமொழி போஜ்புரி. ஊடா குர்முகியின் முதல் எழுத்து. ஊட் என்றால் ஒட்டகம். நமக்கு அ என்றால் அணில், அவர்களுக்கு ஊடா என்றால் ஒட்டகம். அந்தப் பிள்ளைகள் அழகாகப் பஞ்சாபி எழுதினார்கள். ஊரின் வசதியான பஞ்சாபி வீட்டுப் பிள்ளைகளோ அதே நேரத்தில் வேறு பள்ளிகளில் 'நல்ல மொழி' படித்துக்கொண்டிருந்தார்கள். பஞ்சாபி கடினமான மொழி, சுமை என்பதெல்லாம் உண்மையானால், போஜ்புரி பேசும் தொழிலாளியின் மகள் அதை இவ்வளவு எளிதாகத் தூக்கியது எப்படி?

மொழி போனால் சொல் போகும். சொல் போனால் கூடவே ஒரு பழக்க அறிவும் போகும். பஞ்சாபி உழவர்களிடம் 'வத்தர்' என்று ஒரு சொல் இருக்கிறது. வயலுக்கு நீர் பாய்ச்சி, அது வடிந்து, மண் கையில் பிடித்தால் உருண்டையாகி, விட்டால் உதிரும் நிலை. சேறும் இல்லை, புழுதியும் இல்லை. நம் உழவர் 'பதம்' என்பார்கள். எத்தனை நாளில் வத்தர் வரும் என்பது மண்ணைப் பொறுத்தது, பருவத்தைப் பொறுத்தது. அதை அறிந்தவர் காலால் மிதித்தே சொல்வார். பஞ்சாபில் நிலத்தடி நீர் கீழே போய்க்கொண்டே இருப்பது உங்களுக்குத் தெரியும். நெல்லை நாற்று விட்டு நடாமல் நேரடியாக விதைத்துத் தண்ணீரை மிச்சப்படுத்த லூதியானாவில் உள்ள பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் ஒரு முறையை உருவாக்கியது. வத்தர் வந்த மண்ணில் விதைத்து, முதல் தண்ணீரைச் சுமார் 21 நாள் வரை தள்ளிப்போடுவது அதன் சாரம். அந்த முறைக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயரே 'தர்-வத்தர்'. உழவரின் வாயில் இருந்த சொல் ஆய்வறிக்கைக்குள் போனது. அந்தப் பெயரைக் கேட்டவுடன் உழவருக்குப் பாதி புரிந்துவிடும். தாய்மொழிக்கு வேலை கொடுப்பது என்று நான் சொல்வது இதைத்தான்.

உறவுச் சொற்களைச் சொல்லாமல் விட முடியாது, அதுவும் தமிழரிடம். அப்பாவின் அண்ணன் தாயா, தம்பி சாச்சா, அம்மாவின் சகோதரன் மாமா, அம்மாவின் சகோதரியை மணந்தவர் மாசட், அத்தையை மணந்தவர் புப்பட். ஐந்து பேருக்கு ஐந்து இடம், ஐந்து விதமான உரிமை, ஐந்து விதமான மரியாதை. எல்லோரையும் 'அங்கிள்' என்று அழைக்கும் பிள்ளை, திருமண வீட்டில் யார் எதைச் செய்ய வேண்டும் என்று தெரியாமல் நிற்கும். பெரியப்பாவும் சித்தப்பாவும் ஒரே சொல்லில் கரைந்துபோன தமிழ் வீடுகளைப் பார்த்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இலக்கியத்தைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தப் பதில் முடியாது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். பஞ்சாபியில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய பெரும் கவிஞர் 13ஆம் நூற்றாண்டில் மறைந்த சூஃபி ஞானி பாபா ஃபரீத். அவர் அடக்கமானது இன்று பாகிஸ்தானில் உள்ள பாக்பட்டனில். அவருடைய பாடல்கள் காக்கப்பட்டிருப்பது சீக்கியரின் புனித நூலான குரு கிரந்த சாஹிபில். ஒரு முஸ்லிம் ஞானியின் மொழியைச் சீக்கிய மரபு உயிரைப் போலப் பாதுகாத்துக் கொடுத்திருக்கிறது. இரண்டாம் குருவான அங்கத் தேவ் 16ஆம் நூற்றாண்டில் ஒழுங்குபடுத்திய குர்முகி எழுத்தில்தான் அது நமக்கு வந்து சேர்ந்தது. பாகிஸ்தான் பஞ்சாபிகளோ ஷாஹ்முகி எனப்படும் பாரசீக எழுத்தில் எழுதுகிறார்கள். லாகூருக்கும் அமிர்தசரஸுக்கும் இடையே 50 கிலோமீட்டர்தான். இரண்டு ஊர்க்காரர்களும் சந்தித்தால் தேநீர்க் கடையில் மணிக்கணக்காகப் பேசலாம். ஒருவர் எழுதிய கடிதத்தை மற்றவர் படிக்க முடியாது. பட்டியாலாவின் பஞ்சாபிப் பல்கலைக்கழகம் (1962இல் தொடங்கியது, மொழியின் பெயரையே தன் பெயராகக் கொண்டது) ஒரு எழுத்திலிருந்து மறு எழுத்துக்கு மாற்றும் மென்பொருளை உருவாக்கியிருக்கிறது. பஞ்சாபியைக் காப்பது என்றால் நாட்டுப் பிரிவினை கிழித்த துணியைத் தைப்பதும் சேர்த்துத்தான் என்று நான் நம்புகிறேன். அந்த ஊசிக்கு வேறு நூல் கிடையாது.

மொழியை விட்டுப் போனவர்கள் திரும்பி வர முடியுமா? நடிகர் பல்ராஜ் சாஹ்னி வந்தார். ராவல்பிண்டியில் பிறந்தவர், 1930களின் இறுதியில் சாந்திநிகேதனில் ஆசிரியராக இருந்தபோது இந்தியில் எழுதிக்கொண்டிருந்தார். தாய்மொழியில் ஏன் எழுதவில்லை என்று தாகூர் அவரிடம் கேட்டார். பஞ்சாபியின் தகுதியைக் குறித்து சாஹ்னி தயங்கியபோது, குரு நானக்கின் பாடலை எடுத்துக்காட்டியவரும் தாகூர்தான். அப்போது அவருக்கு அது உறைக்கவில்லை என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். பம்பாய்க்குப் போய்ப் புகழ்பெற்ற நடிகரான பிறகு பஞ்சாபிக்குத் திரும்பினார். பயண நூல்களைப் பஞ்சாபியிலேயே எழுதினார். எனக்கு இதில் பெரிதாகப் படுவது, அந்தத் தயக்கத்தை அவர் மறைக்காமல் சொன்னதுதான்.

வெளிநாட்டில் உள்ள பஞ்சாபிகளைப் பார்த்தும் கற்றுக்கொள்ள நிறைய உண்டு. கனடாவின் 2021 கணக்கெடுப்பில் ஆங்கிலமும் பிரெஞ்சும் போக, மிக அதிகமானோர் வீட்டில் பேசும் இரு மொழிகளில் ஒன்று பஞ்சாபி. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர். பிரிட்டிஷ் கொலம்பியாவின் சர்ரே நகரத்தில் அரசுப் பள்ளியிலேயே பஞ்சாபி படிக்கலாம். சிங்கப்பூரில் ஒரு காலத்தில் இந்தியப் பிள்ளைகள் தாய்மொழிப் பாடமாக எடுக்கத் தமிழ் மட்டுமே இருந்தது. 1990ஐ ஒட்டிப் பஞ்சாபி உட்பட வேறு சில இந்திய மொழிகளுக்கும் இடம் கிடைத்தது. அங்குள்ள சீக்கியச் சமூகம் தானே வகுப்புகளை ஏற்பாடு செய்து நடத்துகிறது. மொஹாலியில் கேட்டால் கிடைக்கும் ஒன்றை, ஒரு சின்ன நாட்டில் பெற்றோர் சனிக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டுப் போய்ப் பெறுகிறார்கள்.

இனி உங்கள் வீட்டுக்கு. மூன்று நான்கு மொழி கேட்டால் பிள்ளை குழம்பிவிடும் என்று பயப்படாதீர்கள். பிள்ளைகள் மொழியை ஆளோடு சேர்த்து அடுக்கி வைக்கிறார்கள். அம்மா என்றால் தமிழ், தாதி (அப்பாவின் அம்மா) என்றால் பஞ்சாபி, பள்ளி என்றால் ஆங்கிலம். சில நாள் கலந்து பேசும், தானே பிரித்துக்கொள்ளும். குழப்பம் வருவது பாட்டி தனக்கே வராத மொழியில் பேசும்போதுதான். ஏனென்றால் அந்த மொழியில் அவரிடம் கதை இல்லை, பழமொழி இல்லை, தாலாட்டு இல்லை, கோபம்கூடச் சரியாக வராது. ஆகவே நீங்கள் தமிழை விடாதீர்கள், உங்கள் மாமியாரிடம் பஞ்சாபியை விடாமல் இருக்கச் சொல்லுங்கள். மருமகள், அதுவும் வேற்றுமொழிக்காரி, இதைக் கேட்கும்போது அவருக்கு அது எவ்வளவு பெரிய அங்கீகாரம் என்பதை நீங்களே பார்ப்பீர்கள். எழுத்தை ஐந்து வயதிலேயே திணிக்க வேண்டாம். பள்ளியில் வரும்போது வரட்டும். அதற்குள் காது நிறையட்டும். பள்ளியில் பஞ்சாபி எத்தனை மணி நேரம், யார் கற்பிக்கிறார், வகுப்பில் பஞ்சாபி பேசினால் என்ன நடக்கிறது என்று அடுத்த பெற்றோர் கூட்டத்தில் உங்கள் கணவரைக் கேட்கச் சொல்லுங்கள். அவர் பஞ்சாபியிலேயே கேட்கட்டும்.

மாமியார் முதலில் கூச்சப்படலாம். பீஜியும் அப்படித்தான். நானும் அவருடைய மருமகளும் சேர்ந்து வற்புறுத்தியதில், ஒரு குளிர்காலத்தில் பேரனிடம் தன் பேச்சில் பேசத் தொடங்கினார். பையன் முதலில் சிரித்தான். இந்தியில் பதில் சொன்னான். பிறகு புரியாத சொல்லுக்குப் பொருள் கேட்கத் தொடங்கினான். மாசி பிறந்து வெயில் ஏறியிருந்த ஒரு மதியம், அவன் வேனிலிருந்து இறங்கி வந்தபோது பீஜி கட்டிலை மடக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போகக் கிளம்பியிருந்தார். 'பீஜி, கித்தே சல்லே ஓ?' என்று கேட்டான். எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று பொருள். மரியாதைப் பன்மைகூடத் தப்பவில்லை. பீஜி கட்டிலைத் திரும்ப விரித்து உட்கார்ந்து, பக்கத்தில் அவனுக்கு இடம் விட்டார்.